பெஞ்சில் உட்கார்ந்த ஷ்ரெடர்

ஒரு பொருளை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று மனிதகுலத்துக்குக் கற்றுக்கொடுத்த பெருமை, காக்ஸ் டவுனுக்கும் ஜீவனஹள்ளிக்கும் நடுவே இருக்கும் 'ரெயின்ட்ரீ ரெசிடென்சி'யின் தோட்டக் கழிவு உபகுழுவையே சேரும். பெங்களூரில் ஒரு குடியிருப்புக்கு மரத்தின் பெயர் இருந்தால், அந்த மரம் அங்கே இருக்காது என்பது பொதுவிதி. இங்கே விதிவிலக்காக மரமும் இருந்தது. தமிழில் அதைத் தூங்குமூஞ்சி மரம் என்பார்கள். வீட்டு விலையை மனதில் வைத்து போர்டில் ஆங்கிலத்திலேயே எழுதியிருந்தார்கள்.

அந்த மரத்தின் பெரிய கிளை ஒன்று, முதல் மாடியில் பிரிஜெட் மிஸ்ஸின் பால்கனிக்கு மேலே கவிந்திருந்தது. புவியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர் பிரிஜெட். அவரும் கணவர் ஓஸ்வால்டும் காபி குடிப்பது, பேப்பர் படிப்பது, சண்டை போடுவது எல்லாம் அந்த நிழலில்தான். கணவர் மேல் இருப்பதைவிட அந்தக் கிளையின் மேல் பிரிஜெட்டுக்குப் பிரியம் கொஞ்சம் அதிகம். அதைக் கணவரிடமே சொல்லியும் இருக்கிறார்.

மழைக்கு முன்னால் மரத்தைக் கவாத்து செய்தார்கள். வெட்டிய கிளைகள் விருந்தாளிகள் கார் நிறுத்தும் இடத்தில் மலையாகக் குவிந்தன. குப்பை வண்டிக்காரர் அதைப் பார்த்துவிட்டுக் கன்னடத்தில் 'ஆகல்லா', அதாவது முடியாது, என்று ஒரே வார்த்தையில் விடைபெற்றார். உடனே சங்கத்தின் அவசரக் கூட்டம் கூடியது.

"ரூட் காஸ் என்னன்னு பார்க்கணும். மரம் இருக்கறதாலதானே கழிவு வருது? மரத்தையே எடுத்துட்டா?" என்றாள் சங்கமித்ரா. மென்பொருள் கம்பெனியில் தரவு ஆராய்பவள்.

அந்தச் சிந்தனையின் ஆழத்தைச் சிலர் நோட்டில் குறித்துக்கொண்டார்கள். பிரிஜெட் எழுந்தே நின்றுவிட்டார்.

"ஐயோ, மரத்த எதுக்கும்மா எடுக்கணும்? கிளைய அரைக்கிற மெஷினு இருக்குதே, ஷ்ரெடரு. அத ஒண்ணு வாங்கிப் போட்டா முடிஞ்சுது!"

சங்கத் தலைவர் அருண்குமார் மேசையைத் தட்டினார். திருப்பத்தூரிலிருந்து வந்து பெரிய ஐடி கம்பெனியில் டெலிவரி மேனேஜராக இருப்பவர். ஒரு விஷயம் செலவில் முடியும் என்றால்தான் அவருக்கு அதில் நம்பிக்கை பிறக்கும். "எக்ஸலன்ட் மேடம்! உபகுழு போட்டுடலாம். நீங்களே ஒருங்கிணைப்பாளர்" என்றார்.

மரத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று பிரிஜெட் அன்று ஓஸ்வால்டுக்குக் கேசரி செய்து கொடுத்தார்.

உபகுழு அயராது உழைத்தது. கத்தி வைத்ததா, சுத்தியல் வைத்ததா என்று விவாதித்தது. மின்சாரமா, டீசலா என்று விவாதித்தது. வெளிநாட்டில் யாரோ ஒருவர் பைன் மரத்தை அரைக்கும் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்து 'உலகத் தரம்' என்றால் என்னவென்று உணர்ந்தது. இதற்கிடையில், கார் நிறுத்துமிடத்தில் குவிந்திருந்த கிளைகளும் இலைகளும் யாருடைய ஒப்புதலும் பெறாமல் மட்கி, பாதி எருவாகிவிட்டன. இந்த ஒழுங்கீனத்தைக் குழு கண்டுகொள்ளவில்லை.

கடைசியில் ஒரு சனிக்கிழமை பிரிஜெட், அருண்குமார், சங்கமித்ரா மூவரும் ஓசூர் ரோட்டில் இருக்கும் அத்திபெலே போனார்கள். அங்கே வியாபாரி ஒருவர் வரிசையாக மெஷின்களை நிறுத்தி வைத்திருந்தார்.

"எத்தினி மரம் சார் உங்களுக்கு?"

"ஒண்ணு" என்றார் அருண்குமார் கம்பீரமாக.

"அப்ப தோ, இந்தச் சின்னதே போதும் சார்."

"நாங்க இன்னிக்குத் தேவைக்கு வாங்கறவங்க இல்லீங்க. நாளைக்கு வேலை பெருகினாலும் ஸ்கேல் ஆகணும்."

"மரம் ஸ்கேல் ஆகுமா சார்?"

அருண்குமார் புன்னகைத்தார். தொலைநோக்கு இல்லாதவர்களிடம் அவர் கோபப்படுவதில்லை. வியாபாரியும் விவரமானவர்தான். ஆள் யாரென்று புரிந்ததும், ஷெட்டின் கோடியில் தார்ப்பாயால் மூடி நின்ற ஒன்றைத் திறந்து காட்டினார். ஆட்டோ ரிக்‌ஷாவையே அரைத்துவிடும் போல் இருந்தது.

"இதுல முழு அடிமரமே போவும் சார்."

"ஃப்யூச்சர் ப்ரூஃப்!" என்றாள் சங்கமித்ரா.

பிரிஜெட்டின் மனதில் ஏதோ நெருடியது. ஆனால் ஓசூர் ரோடு நெரிசலில் இன்னொரு சனிக்கிழமை வர அவர் தயாராக இல்லை. எந்த மெஷினாக இருந்தால் என்ன, மரம் தப்பித்தால் சரி என்று அவரும் தலையாட்டினார். "ஆயித்து சார், முடிஞ்சுது!" என்று வியாபாரி கைகுலுக்கினார்.

மெஷினுக்கு மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்தார்கள். பிரிஜெட் பங்குக்கு ஒரு மெழுகுவர்த்தியும் எரிந்தது. மிச்சமிருந்த கிளைகளை உள்ளே போட்டார்கள். ஒரு காபி ஆறுவதற்குள் எல்லாம் தூள். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு அரைக்க எதுவும் இல்லை.

இங்கேதான் அந்தக் குடியிருப்பின் மனிதநேயத்தை நாம் போற்ற வேண்டும். அடுத்த கூட்டத்தில் சங்கமித்ரா திரையில் ஒரு வரைபடத்தைக் காட்டினாள். கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது.

"மெஷினோட யூட்டிலைசேஷன் இது. வந்ததுலேர்ந்து பெஞ்சுலதான் இருக்கு" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. கையில் வேலை இல்லாமல் கம்பெனி 'பெஞ்சில்' உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அங்கே வீட்டுக்கு ஒருவருக்காவது தெரியும். சிலருக்குத் தூக்கம் போயிருக்கிறது. ஒருவருக்குத் தலைமுடியே போயிருக்கிறது. பாவம், அந்த மெஷினுக்கு அப்படி ஒரு நிலைமை வரலாமா?

"வாரா வாரம் ஓடலேன்னா வாரண்டியும் போயிடும். அதுக்கு நாமதான் வேலை குடுக்கணும்" என்றார் அருண்குமார்.

வேலை கொடுத்தார்கள். முதல் வாரம் காய்ந்த குச்சிகள். அடுத்த வாரம் காயப்போகும் குச்சிகள். அதற்கடுத்து, 'வருங்காலத்தில் காய வாய்ப்புள்ளவை'. கோடு மெல்ல எழுந்து நின்றது. கடைசியில் பால்கனிக் கிளையின் முறை வந்தபோது பிரிஜெட் ஓடிவந்தார்.

"அருண், அதத் தொடாதீங்கப்பா! அந்த நெழலுக்காகத்தானே நான் மெஷினே கேட்டேன்?"

"அதான் மேடம். நீங்க கேட்ட மெஷின். அது சும்மா நின்னா உங்களுக்குத்தானே கெட்ட பேரு?"

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பிரிஜெட் எதிர்த்ததை 'மேடம் வழங்கிய மேலான ஆலோசனை' என்று அறிவித்தார்கள். மரத்தை வெட்ட அனுமதி வாங்க வேண்டாமா என்று யாரோ கேட்டபோது, இது வெட்டு அல்ல, 'ஆழ்ந்த கவாத்து' என்று தலைவர் விளக்கினார். ஆழம் வாரா வாரம் கூடியது. அடிமரம் முழுசாக உள்ளே போன அன்று கோடு உச்சியைத் தொட்டது. வாட்ஸப் குழுவில் பூங்கொத்துகள் குவிந்தன.

"என்னா மேன் இது, வெய்யிலு மூஞ்சிலயே அடிக்குது?" என்று ஓஸ்வால்ட் நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டார். அன்று அவர்கள் சண்டைகூடப் போடவில்லை.

குடியிருப்பின் தோட்டக் கழிவு இப்போது பூஜ்யம். 'இலக்கு எட்டப்பட்டது' என்று லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள்.

ஏப்ரல் வந்தது. வாரண்டிக்காகச் சும்மாவே ஓட்டப்பட்ட மெஷின், நட்டநடு வெயிலில் ஒருநாள் புகைந்து நின்றுவிட்டது. அத்திபெலேயிலிருந்து மெக்கானிக் வந்தார். தொட்டுப் பார்த்துக் கையை உதறினார்.

"வாரண்டில வராது சார். நெழல்ல வெக்கணும்னு மூடிலயே ஒட்டியிருக்கோமே. இப்படியா கொளுத்தற வெய்யில்ல நிறுத்தறது?" என்றபடி சுற்றுமுற்றும் பார்த்தார். வாசலில் இருந்த 'ரெயின்ட்ரீ ரெசிடென்சி' போர்டைப் படித்தார். "பேரு வெச்சிருக்கீங்களே, மரம் எங்க சார்? அதுக்கடியில தள்ளி வெச்சிருக்கலாம்ல?"

அருண்குமார் செல்போனைப் பார்த்தார். சங்கமித்ரா அருண்குமாரைப் பார்த்தாள்.

பிரிஜெட் மிஸ் மட்டும் முன்னால் வந்து, மெஷினின் வாயைக் காட்டினார்.

"உள்ளேதாம்ப்பா இருக்குது. எடுத்துக் குடுக்க முடியுமா பாரு."