ஆர்ட்டன் துரையின் தொப்பி

கானல்நாடு என்றொரு தேசம். அதைக் கடல் கடந்து வந்தவர்கள் ஆண்ட காலத்தில், ஆர்ட்டன் துரை என்பவர் அறுநூறு குதிரைகளோடு ஒரு படையை நிறுவினார். துரையைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகமில்லை. பல ஊர்களைக் கொளுத்தியவர். ஆனால் ஒரு கோடையில் பொட்டல்வெளியில் வழி தவறியபோது, கடைசித் தண்ணீரைத் தன் தோல் தொப்பியில் ஊற்றிக் குதிரைக்குக் கொடுத்துவிட்டு வறண்ட வாயோடு நடந்தார். அன்றிலிருந்து படைக்கு ஒரே விதி: குதிரை குடித்த பிறகே மனிதன் குடிக்க வேண்டும்.

துரைமார் கப்பலேறிப் போனார்கள். சுதந்திர அரசு படையின் பெயரை மாற்றியது, விதியை மாற்றவில்லை. குதிரைகள் தின்கின்றன, உதைக்கின்றன, அமைச்சர் வரும்போது லத்தி போடுகின்றன என்று ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டு, நாற்சந்தியில் துரையின் குதிரைக்கு வெண்கலச் சிலை வைத்தது. படைப் பதிவேட்டில் இப்போது ஒரே குதிரை. அது இந்தச் சிலைதான்.

பிறகு மழை பொய்த்தது. விதி இனி குடிமக்களுக்கும் பொருந்தும் என்று அரசாணை வந்தது. தினமும் காலையில் துரையின் தொப்பி பட்டுத் தலையணையில் வரும். அதில் தண்ணீர் நிரப்பிச் சிலையின் வாயருகே பிடிப்பார்கள். குதிரை குடித்ததாகத் தளபதி உக்கிரபாண்டியர் அறிவித்தால்தான் தெருக்குழாய் திறக்கும்.

"குதிரை இன்னும் யோசிக்கிறது," என்பார் தளபதி, நண்பகல் வரைக்கும். "தேசத்துக்காகத் தாகத்தைத் தாங்க முடியாதவர்கள் கையைத் தூக்கலாம்."

யாரும் தூக்கவில்லை. தூக்கியவர்களின் குடம் முதல் நாளே பறிமுதலாகியிருந்தது.

தொப்பியைப் பிடிக்கும் வேலை, படையின் கடைசி லாயக்காரர் பரஞ்சோதிக்கு. கழித்த குதிரைகளில் செவலை என்ற ஒற்றைக் கண் பெட்டையை அவர் தன் வீட்டுக்குக் கூட்டிவந்து, தன் பங்குத் தண்ணீரில் வளர்த்துவந்தார். அவளிடம் ஒரு பழக்கம்: எவ்வளவு தாகமானாலும் பாதி குடித்துவிட்டு, மீதியை மூக்கால் அவர் பக்கம் தள்ளிவிடுவாள்.

அப்போது அடுத்த ஆணை வந்தது: பதிவேட்டில் இல்லாத விலங்குக்குத் தண்ணீர் கொடுப்பது குற்றம்.

நான்காம் நாள் செவலையின் கால்கள் நடுங்கின. பரஞ்சோதி அவளை மெல்ல நடத்தி நாற்சந்திக்குக் கூட்டிவந்தார். தொப்பி வந்தது, நிரம்பியது. அவர் சிலைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, தொப்பியை அவள் வாயருகே பிடித்தார்.

"குடி தாயி," என்றார்.

அவள் குடித்தாள். பாதியை அவர் பக்கம் தள்ளினாள்.

வரிசையின் முன்னால் நின்ற அஞ்சலை தளபதியைப் பார்த்துக் கேட்டாள்: "குதிர குடிச்சிருச்சுங்க. நாங்க கொடத்த வைக்கலாங்களா?"

தளபதி விதி எழுதிய ஏட்டைப் புரட்டினார். எந்தக் குதிரை என்று அதில் எழுதவில்லை. அன்று ஊரே வயிறு நிறையக் குடித்தது.

மறுநாள் விசாரணை. "நிறுவனரை அவமதித்தாயா?" என்றார் நீதிபதி.

"அவரு செஞ்சதத்தாங்க நானும் செஞ்சேன்."

மூன்று வருடச் சிறை. மழையைக் காணாமலே செவலை போய்ச் சேர்ந்தாள். அவள் கடைசியாகக் குடித்தது அவர் கையால்தான் என்பதில் எனக்கு ஒரு ஆறுதல்.

பரஞ்சோதிக்கு நியாயம் கேட்டு ஒரு கட்சி தேர்தலில் நின்றது, அமோகமாக வென்றது. சொன்ன சொல்லையும் காப்பாற்றியது. அவர் விடுதலையாகி வந்தபோது, நாற்சந்தியில் துரையின் குதிரைக்குப் பக்கத்திலேயே அவரும் செவலையும் வெண்கலத்தில் நின்றார்கள். முன்னால் அதே வரிசை. பரஞ்சோதியும் காலிக் குடத்தோடு வந்திருந்தார்.

"இப்ப ரெண்டு குதிர, பெரியவரே," என்றார் காவலர். "ரெண்டும் குடிச்சு முடிக்கணும். போய்க் கடைசியில நில்லுங்க."

பரஞ்சோதி செவலையின் வெண்கலக் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார். வெயிலில் அது உயிருள்ள கழுத்தைப் போலவே சூடாக இருந்தது.

"இவ எப்பவும் பாதிய எங்களுக்கு விட்டுருவாளுங்க," என்றார்.

காவலர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, வரிசையின் கடைசியைக் காட்டினார்.