எதிர்க்கட்சிக்கு ஓர் ஊசி

"மாமாகிட்ட யாரு பேசுறது?" என்றாள் மனைவி.

ஃப்ரிட்ஜ் மெக்கானிக் கூடத்தை எட்டிப் பார்த்தான். பிரசவத்துக்கு ஒரு மாதம்தான் இருந்தது. குழந்தையைத் தூக்கப்போகிற எல்லோரும் கக்குவான் இருமலுக்கு முன்கூட்டியே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மனைவியின் அக்கா குழந்தையைப் போன வருஷம் அந்த இருமல்தான் கொண்டுபோயிற்று. அதனால் அவளிடம் இந்த விஷயத்தில் பேரம் கிடையாது.

மெக்கானிக்கின் அப்பாவிடமும் எந்த விஷயத்திலும் பேரம் கிடையாது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். சங்கக் கூட்டத்தில் எல்லோரும் கை தூக்கினால் இவர் கையைக் கட்டிக்கொள்வார். டிப்போவில் வைத்த 'எதிர்க்கட்சி' என்ற பெயர் வீடுவரைக்கும் வந்துவிட்டது. சாப்பாட்டில் உப்பு குறைவு என்று யாராவது சொன்னால், அதிகம் என்பார். மழை வரும்போல என்றால், காயப்போட்ட துணி அங்கேயே கிடக்கட்டும் என்பார்.

இப்படிப்பட்டவரை எப்படி மடக்குவது என்று மெக்கானிக்குக்குக் கணக்கு தெரியும். நேராகப் போனால் இடிக்கும். தலைகீழாகப் போக வேண்டும்.

"அப்பா, நாங்கல்லாம் ஊசி போட்டுக்கிறோம். உங்க வயசுக்கு அதெல்லாம் ஒத்துக்காது. நீங்க போட்டுக்காதீங்க."

அப்பா பேப்பரைத் தாழ்த்தி மகனை ஏற இறங்கப் பார்த்தார்.

"சரி" என்றார்.

மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பத்து நாலு வருஷத்தில் அந்த வாயிலிருந்து அவன் 'சரி' கேட்டதே இல்லை.

"இல்லப்பா... போட்டுக்கிட்டாலும் நல்லதுதான்."

"இப்பத்தானே போட்டுக்காதேன்னே?"

"அது சும்மா சொன்னேன். டாக்டர் போடணும்னுதான் சொல்றாரு."

"எனக்குத் தேவையில்ல" என்று பேப்பரை மறுபடி தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

அடுத்து சித்தப்பாவைப் பிடித்தான். தம்பிக்குத் தைரியம் இருந்து தனக்கு இல்லை என்றால் அண்ணனுக்கு ரோஷம் வராதா? சித்தப்பா ஊசி போட்ட கையோடு நேராக வந்து, சட்டைக்கையைச் சுருட்டிக் காட்டினார். "எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்லண்ணே!"

அன்று சாயங்காலமே சித்தப்பாவின் தோள் வீங்கிவிட்டது. லேசாகக் காய்ச்சலும் வந்து, போர்வையைப் போர்த்திக்கொண்டு சோபாவிலேயே சுருண்டுவிட்டார். ஈரத்துணி வைத்துவிட்டது அப்பாதான்.

"பெரிய எறும்பா இருக்கும்போல" என்றார்.

இந்தக் கூத்தெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மனைவி கடைசியில் சொல்லிவிட்டாள். "மாமாமேல எனக்குக் கோபம் இல்ல. அவரு சுபாவம் அப்படி. ஆனா என் புள்ளைய வச்சு நான் விஷப்பரீட்சை பண்ண முடியாது."

பெண் குழந்தை பிறந்தது. கையளவுதான் இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, அப்பா அறைவாசல் வரைக்கும் வந்தார். உள்ளே யாரும் 'வாங்க' என்று சொல்லவில்லை. திரைச்சீலையை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்தபடி அங்கேயே நின்றார்.

"மூக்கு யாரு மாதிரி?" என்று கேட்டார்.

"உங்கள மாதிரிதான் மாமா" என்றாள் மருமகள், குழந்தையை மார்போடு இன்னும் கொஞ்சம் அணைத்துக்கொண்டே.

அப்பா அந்த அணைப்பைப் பார்த்தார்.

"சேச்சே, என்ன மாதிரி இல்ல" என்று திரையை விட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அவர் அந்த அறைப்பக்கமே வரவில்லை. குழந்தை அழும்போதெல்லாம் கூடத்தில் நாற்காலி கிரீச்சிடும். எழுந்திருப்பார், அழுகை நின்றதும் உட்கார்ந்துவிடுவார். யாரோடும் எதற்கும் மறுத்துப் பேசுவதைக்கூட விட்டுவிட்டார். குழம்பில் உப்பே இல்லாத அன்று "நல்லா இருக்கு" என்று சாப்பிட்டுவிட்டு எழுந்தார். மெக்கானிக்குக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பக்கம் மகள், ஒரு பக்கம் அப்பா. இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு முடிவு கட்டியே தீருவது என்று, குழந்தையைப் பார்க்க முதல்முறையாக வீட்டுக்கு வரவிருந்த ஆஸ்பத்திரி நர்ஸம்மாவிடம் கெஞ்சி, பெரியவர்களுக்கான ஊசியையும் கையோடு கொண்டுவரச் சொன்னான்.

அவர் வாசலுக்கு வந்ததும் அப்பாவின் நாற்காலி முன்னால் போய் நின்றான்.

"எனக்காக வேணாம்ப்பா. அவளுக்காகக் கைய நீட்டுங்க. உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்."

அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

பையைத் திறந்தபடி கூடத்துக்குள் வந்த நர்ஸம்மா, பெரியவரின் முகத்தைப் பார்த்ததும் பையை மூடிவிட்டார்.

"அட, இவருக்கா? மருமகளுக்கு ஏழாம் மாசம் நடக்கும்போதே தானா வந்து போட்டுக்கிட்டுப் போயிட்டாரே! 'வீட்ல கேப்பாங்க, அப்பச் சொல்லிக்கிறேன்'னாரு. ஏங்க, போட்டுக்கிட்டீங்களான்னு இன்னும் ஒருத்தருமே கேக்கலையா?"