மூன்று கொட்டேஷனும் ஓர் ஊசியும்

“டாக்டர் எங்க உக்காருவார்?” என்று அவர் கேட்டார்.

தெருமுனை நாய் ஆஸ்பத்திரியின் ரிசப்ஷனில் இருந்த பெண் உள்ளே இருந்த நாற்காலியைக் காட்டினாள்.

“அது தெரியுதும்மா. நாயைப் பாக்கும்போது எங்க உக்காருவார்?”

அவளுக்கு விளங்கவில்லை. கூடைக்குள் இருந்த குட்டிக்கும் விளங்கவில்லை. அது அவர் எழுதிக்கொண்டு வந்திருந்த கேள்வித்தாளின் ஓரத்தைச் சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தது.

முப்பத்தொரு வருடம் ஓர் ஆபீஸின் கொள்முதல் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தவர் அவர். ஸ்டேப்ளர் வாங்குவதானாலும் மூன்று கொட்டேஷன் வேண்டும் என்பது அங்கே விதி. ஓய்வு பெற்ற பிறகும் அந்த விதி அவரை விட்டபாடில்லை. மனைவியின் அக்கா குட்டியைக் கொடுக்கும்போது ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தாள். சனிக்கிழமைக்குள் முதல் தடுப்பூசி போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் திரும்பத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள், கேட்டு இரண்டு வீட்டார் காத்திருக்கிறார்கள். அன்று திங்கட்கிழமை. மூன்று ஆஸ்பத்திரி பார்த்துத் தேர்ந்தெடுக்க நாள் தாராளமாக இருந்தது.

எல்லாவற்றுக்கும் அவருக்கு அளவுகோல் பழைய டாக்டர். ஒரே ஓர் அறை, ஒரு பெஞ்சு, எந்நேரமும் பினாயில் வாசனை, அவ்வளவுதான் அவருடைய ஆஸ்பத்திரி. அங்கேதான் இவர் மேனேஜரைக் கூட்டிப் போவார். மேனேஜர் என்பது பதினாலு வருடம் வீட்டில் இருந்த நாய். பகலெல்லாம் தூங்கிவிட்டு, வருகிறவர் போகிறவரையெல்லாம் சந்தேகமாகப் பார்த்ததால் வந்த பெயர். டாக்டர் முதலில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஐந்து நிமிடம் ஒன்றுமே செய்ய மாட்டார். மேனேஜர் தானாகப் போய் அவர் மடியில் தலையை வைக்கும். ஊசி போட்டதே தெரியாது.

இரண்டு வருடம் முன்பு மேனேஜர் கண்ணை மூடியதும் அந்த மடியில்தான். சில மாதத்தில் டாக்டரும் காலமானார். இவர் சாயங்கால நடையை விட்டார், கடைத்தெருவை விட்டார், தெருவில் யாராவது நாயோடு போனால் ஜன்னலைச் சாத்தினார்.

தெருமுனை டாக்டர் சின்ன வயதுக்காரர். குட்டியைப் பார்த்ததைவிடக் கம்ப்யூட்டரை அதிகம் பார்த்தார். “தம்பி, நாய் அதுக்குள்ள இல்ல” என்று சொல்லிவிட்டு, ஊசி போடாமலே இவர் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

மனைவி கூடையை வாங்கி உள்ளே வைத்தாள். பாலம் தாண்டி ஒன்று இருக்கிறதாமே என்றாள்.

பாலம் தாண்டிய ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கதவு, ஏசி. கேள்வி கேட்டால் யாருக்கும் புரியவில்லை, செய்தே காட்டிவிடுவோம் என்று டாக்டரம்மாவின் முன்னால் இவரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தலைசுற்றல் என்று நினைத்து இரண்டு பேர் ஓடிவந்தார்கள். நாய்க்குக் கட்டும் பட்டையை இவர் கையில் கட்டி ரத்த அழுத்தம் பார்த்தார்கள். அது நிஜமாகவே ஏறியிருந்தது. இனிமேல் துணைக்கு ஆள் இல்லாமல் வரக் கூடாது என்று சீட்டில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார்கள்.

புதன்கிழமை கால்கள் தாமாகவே பழைய இடத்துக்குப் போயின. அந்த அறையில் இப்போது செல்போன் கடை. பெஞ்சு இருந்த இடத்தில் கண்ணாடி அலமாரி. கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அழுகை வந்தது. என்ன மாடல் வேண்டும் என்று கடைக்காரர் கேட்டதும் கிளம்பிவிட்டார்.

ரயில்வே கேட் பக்கம் ஒருவர் கெட்டிக்காரராம் என்றாள் மனைவி. இந்தத் தடவை முன்னாலேயே போன் போட்டு, தரையில் உட்காருவீர்களா என்று கேட்டுக்கொண்டார். அந்த டாக்டருக்கும் ஏறக்குறைய இவர் வயது. சந்தோஷமாக ஒப்புக்கொண்டு, வியாழக்கிழமை சொன்னபடியே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். குட்டி ஓடிப்போய் மடியில் ஏறியது. இவருக்குக் கண் நிறைந்துவிட்டது. டாக்டர் என்றால் இவர்தான் என்று முடிவு கட்டினார்.

ஊசி மேஜை மேல் இருந்தது. டாக்டரால் எழுந்திருக்க முடியவில்லை. இவர் கைகொடுத்து ஒரே இழுப்பாக இழுத்தார். இடுப்பில் ‘கடக்’ என்றது. ஒரு வாரம் படுக்கையைவிட்டு அசையக் கூடாது என்று டாக்டருக்கு இன்னொரு டாக்டர் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மனைவி வந்து நின்றாள்.

“ஏங்க, அக்கா போன் பண்ணா. நாளைக்குக் காலைல வராளாம்.”

குட்டி அவர் செருப்பின் மேல் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அது போய்விட்டால் வீடு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். இரண்டு வருடம் இருந்து பார்த்ததுதானே. டாக்டரம்மாவிடம் போகலாம், துணைக்கு வா என்று கூப்பிட்டார். முழங்கால் வலி, முடியாது என்றாள்.

மிச்சம் இருந்தது தெருமுனைதான். மானம், மரியாதை, மூன்று கொட்டேஷன் எல்லாவற்றையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார்.

“தம்பி, அன்னிக்குச் சொன்னது தப்புதான். நீங்க கம்ப்யூட்டரைப் பாருங்க, செவுத்தைப் பாருங்க. ஊசியை மட்டும் போட்டுடுங்க. இது இல்லாம என்னால முடியாது.”

கூடையை மேஜை மேல் வைத்தார். சின்ன டாக்டர் ரிசப்ஷன் பெண்ணைப் பார்த்தார். அவள் பேனாவை மூடி வைத்தாள்.

“சார், நீங்க கோவிச்சுட்டுப் போன அன்னிக்கு மத்தியானமே, நீங்க தூங்கறப்ப உங்க வீட்டம்மா குட்டியைத் தூக்கிட்டு வந்து ஊசி போட்டுட்டாங்க. ‘அவர்கிட்ட சொல்லிடாதீங்க, ரெண்டு வருஷம் கழிச்சு இப்பதான் மனுஷன் வாசலைத் தாண்டறாரு, இன்னும் நாலு ஆஸ்பத்திரி பாத்துட்டு வரட்டும்’னாங்க.”