குனோங் ராபாட்டுக்குக் கோடைகாலம் கொண்டுவந்தவர்

மலேசியாவுக்குக் கோடைகாலத்தைக் கொண்டுவந்தவர் சம்மர் அண்ணன்தான். அதற்கு முன் நம்மிடம் இருந்தவை வெயிலும் மழையும். இரண்டும் ஒரே நாளில் வந்துவிட்டுப் போகும். அதைப் பருவம் என்று ஒப்புக்கொள்ள அண்ணனுக்கு மனம் வரவில்லை. எழுபதுகளின் நடுவில், குனோங் ராபாட்டில் எங்கள் தெருவுக்கு மட்டுமாவது ஒரு கோடைகாலம் வேண்டும் என்று முடிவு செய்து, அதை ஆண்டுக் கடைசிப் பள்ளி விடுமுறையில் வைத்துவிட்டார். அது அடைமழைக் காலம். எனவே எங்கள் கோடையில் தினமும் மத்தியானம் இடி இடிக்கும், சாக்கடை நிரம்பும், வாசலில் விட்ட செருப்புகள் ஊர்வலம் போகும். அண்ணன் வேனின் கண்ணாடியைத் துடைத்தபடி, "சம்மர் ஆரம்பிச்சிருச்சு!" என்று கையைத் தேய்த்துக்கொள்வார்.

அவர் பள்ளி வேன் ஓட்டுநர். சொந்தப் பெயர் வேனின் உரிமப் பத்திரத்தில் இருந்திருக்க வேண்டும். எங்களில் யாரும் பார்த்ததில்லை. நாற்பதைத் தாண்டியவர், கல்யாணம் ஆகாதவர். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைக் கேன்வஸ் காலணி. உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் பயப்படுவார். கரப்பான்பூச்சிக்கு, அட்டைக்கு, நாய்க்கு, உயரத்துக்கு, தண்ணீருக்கு. ஆனால் வாயைத் திறந்தால் குகை, தீவு, கடத்தல்காரன், சுரங்கப்பாதை.

எல்லாம் புத்தகம் செய்த வேலை. அவருடைய அப்பா ரப்பர் தோட்டத்துத் துரை பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். துரை குடும்பம் ஊருக்குத் திரும்பியபோது, பிள்ளைகளுடைய கதைப் புத்தகங்களை ஒரு பெட்டி நிறைய விட்டுவிட்டுப் போனது. அட்டைகளையெல்லாம் கரையான் தின்றிருந்ததால் எந்தப் புத்தகத்துக்கு என்ன பெயர், யார் எழுதியது என்று அண்ணனுக்கே தெரியாது. எல்லாவற்றிலும் ஒரே சங்கதிதான்: கோடை விடுமுறை, நாலைந்து பிள்ளைகள், ஒரு நாய், கூடை நிறையச் சாப்பாடு, ஆபத்து. அண்ணன் ஆங்கிலம் கற்றுக்கொண்டதே அந்தப் பெட்டியிலிருந்துதான். அதனால் அவருடைய ஆங்கிலத்துக்கு எப்போதும் பத்து வயது. சாலைப் போக்குவரத்து அலுவலகத்தில் நரைத்த அதிகாரியிடம் போய், "ஐ சே, ஓல்ட் சாப்! வாட் ஃபன்!" என்று சொல்லி, வேன் பரிசோதனையில் அந்த இடத்திலேயே தோற்றவர் அவர்.

வேனில் தினமும் கதை ஓடும். பள்ளி முடிந்து பிள்ளைகள் ஏறியதும் தொடங்குவார். வீட்டுக்கு வீடு நிறுத்தும்போது கதை சரியான இடத்தில் தொங்கும். முதலில் இறங்க வேண்டிய பிள்ளை இறங்காது.

"டேய், உங்கம்மா நிக்கிறாங்க பாரு, எறங்குடா!"

"அந்த ஆளு கையில துப்பாக்கி இருக்கா இல்லயா, அத சொல்லுங்க அங்கிள்! அப்பதான் எறங்குவேன்லா!"

எங்கள் வீடு வழியில் இரண்டாவது. என் மகள் மாலா, "நாம வேற எடத்துக்கு வீடு மாறிப் போலாம்மா, கடைசி வீடா பாத்து" என்று ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்தாள். நான் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. இந்த விண்ணப்பத்தைக் கணவரிடம் முறைப்படி அனுப்பினேன். அவர் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமல், "வாடகை கம்மியா இருந்தா பாக்கலாம்" என்றார்.

கதை சொல்வதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அந்தப் புத்தகங்களில் பிள்ளைகள் குடிக்கும் இஞ்சி பீரைச் செய்து பார்க்காமல் அவரால் இருக்க முடியவில்லை. இஞ்சி, சீனி, ரொட்டிக்காரரிடம் வாங்கிய ஈஸ்ட் எல்லாம் போட்டு, சோயா கிச்சாப் ஊற்றிவைக்கும் காலிப் போத்தல்களில் அடைத்து, கட்டிலுக்கு அடியில் அடுக்கிவைத்தார். மூன்றாம் நாள் மத்தியானம் ஒவ்வொன்றாக வெடித்தது. அது காட்டுக்குள் ஆயுதம் தாங்கியவர்கள் இருந்த காலம். மோட்டார் சைக்கிள் இருமினாலே தெரு கதவைச் சாத்தும். யாரோ போலீசைக் கூப்பிட்டுவிட்டார்கள். வந்த காவலர் நம்மவர்தான்.

"என்னய்யா வெடிச்சுச்சு?"

"ஜிஞ்சர் பீர், சார்."

"பீரா? லைசென்ஸ் இருக்கா?"

"சின்னப் பிள்ளைங்க குடிக்கிற பீர் சார்."

"சின்னப் பிள்ளைங்களுக்கா குடுக்கிற?"

அண்ணன் பேசப் பேச வழக்கு வளர்ந்துகொண்டே போனது. கடைசியில் மிச்சமிருந்த ஒரு போத்தலைக் காவலரே குடித்துப் பார்த்து, முகத்தைச் சுளித்து, "இத குடிக்கிறதே தண்டனைதான்யா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்தது நாய். கதைக்கு நாய் வேண்டும். அண்ணனுக்கோ நாய் என்றால் நடுக்கம். முனைக்கடைச் சீனருடைய கிழட்டு நாயை மாலை நேரத்துக்கு மட்டும் இரவல் வாங்கினார். அதற்குக் கண்டனீஸ் சீனம் மட்டும்தான் தெரியும். அண்ணன் வேன் படியில் ஏறி நின்றுகொண்டு, "கம் ஹியர், ஓல்ட் பாய்!" என்பார். அது கொட்டாவி விடும். கடைக்காரர் உள்ளேயிருந்து ஒரே ஒரு சொல் சொல்வார். நாய் எழுந்து வீட்டுக்குப் போய்விடும். சாகசம் அதோடு முடிந்தது.

இப்படியே போயிருந்தால் நான் இன்றைக்கு நிம்மதியாக இருந்திருப்பேன். ஒரு கோடையில் அவர் தீவுக்குப் போக வேண்டும் என்றார்.

கடலோரத்தில் உள்ள பாகான் டத்தோவில் அவருடைய தங்கை புருஷன் தென்னந்தோட்டத்தில் வேலை செய்தான். நாங்கள் வைத்த பெயர் தேங்காய் மச்சான். கால்வாயில் தேங்காய் ஏற்ற அவனிடம் ஒரு சம்பான் படகு இருந்தது. கால்வாய் கடலில் சேரும் இடத்துக்கு எதிரே ஒரு தீவு இருப்பதாக அண்ணன் விசாரித்து வைத்திருந்தார். வேன் பிள்ளைகள் ஏழு பேரும் தயார். தெருவில் மற்றப் பெற்றோர்கள் ஒன்றுகூடி, "மாலாம்மா போனா நாங்க அனுப்புறோம்" என்று சொல்லிவிட்டார்கள். ஊரிலேயே அதிகம் பயப்படுகிறவள் நான். நான் கூடப் போனால் எதுவும் நடக்காது என்பது அவர்கள் கணக்கு. நானும் அதை நம்பினேன்.

அன்று அண்ணன் செய்த ஏற்பாட்டைப் பார்த்தால் யாரும் நம்பியிருப்பார்கள். கயிறு, விசில், மிதப்பதற்குக் காலி மண்ணெண்ணெய்த் தகரங்கள், ஆளுக்கொரு சைக்கிள் டியூப்.

"எதுக்குண்ணே இவ்வளவு?" என்றேன்.

"மாலாம்மா, எல்லாப் புத்தகத்திலயும் இதான் ஆபத்து. பிள்ளைங்க வெளாடிட்டே இருப்பாங்க, தண்ணி ஏறிக்கிட்டே வரும், பாத்தா நாலு பக்கமும் கடல். நம்மகிட்ட நடக்காது."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நான் பிறந்ததும் ரப்பர் தோட்டத்தில்தான். அவரும் அப்படித்தான். எங்களுக்குத் தெரிந்த தண்ணீர் வெள்ளமும் பழைய ஈயச் சுரங்கக் குட்டையும். தண்ணீர் என்றால் ஏறும், ஏறினால் ஆபத்து. அது இறங்கினால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

தீவு என்றது, சேற்றில் நின்ற ஒரு கண்டல் மரக் கூட்டம். இறங்கக் கையளவு மணல்கூட இல்லை. "படகிலயே பிக்னிக்!" என்று அண்ணன் அறிவித்தார். சார்டின் சாண்ட்விச், கறிபாப், அவித்த முட்டை, இளநீர். ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட வேண்டும் என்று வரும்போது சொன்ன தேங்காய் மச்சான், சாண்ட்விச்சில் பாதியைத் தானே தின்று, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கிவிட்டான். நான் அடிக்கடி தண்ணீரைப் பார்த்தேன். குறைந்துகொண்டு வந்தது. ஆழம் குறைய குறைய எனக்குத் தைரியம் கூடிக்கொண்டு வந்தது.

படகு ஏதோ மெத்தையில் உட்கார்ந்ததுபோல் அசையாமல் நின்றபோது, தேங்காய் மச்சான் கண்விழித்தான். எழுந்து நின்றான். நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தான்.

"அலாமாக்! மச்சான், கடல் எங்க?"

கடல் போய்விட்டது. கரைக்கும் எங்களுக்கும் நடுவில், கண்ணுக்கு எட்டியவரை பளபளவென்று சேறு.

"அதனால என்ன, எறங்கி நடந்து போலாம்" என்றார் அண்ணன்.

"நடக்கிறதா? கால வச்சா இடுப்பு வரைக்கும் போயிரும் மச்சான். தண்ணி திரும்பி வரணும். சாயந்தரம் ஆயிரும்."

அவன் சொல்லி முடிப்பதற்குள், "அம்மா, மீன் நடக்குதும்மா!" என்ற குரல் படகுக்கு வெளியிலிருந்து கேட்டது.

மாலா இறங்கியிருந்தாள். சேற்றில் தத்தித் தத்திப் போகும் அந்த மீனைப் பிடிக்க இரண்டடி வைத்திருக்கிறாள். நான் திரும்பியபோது முழங்கால். கையை நீட்டியபோது தொடை. பயந்துபோய் அவள் உதறிய உதறலில் இடுப்பு. என் கைக்கும் அவள் கைக்கும் நடுவில் ஒரு முழம்தான். அந்த ஒரு முழத்தை இன்றைக்கும் நான் அளந்துகொண்டிருக்கிறேன். அவளுக்கு இப்போது கல்லூரி வயது. குளியலறையில் கொஞ்சம் தாமதித்தால்கூடக் கதவைத் தட்டுவேன்.

நான் கத்தினேன் என்று சொல்கிறார்கள். நினைவில்லை. நினைவில் இருப்பது, கரப்பான்பூச்சிக்குப் பயந்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் மடியில் வைத்தது. கயிற்றை இடுப்பில் கட்டி, மறுமுனையைத் தேங்காய் மச்சான் கையில் கொடுத்து, அந்த வெள்ளைச் சட்டையோடு சேற்றின் மேல் குப்புறப் படுத்துவிட்டார்.

"அண்ணே, என்ன பண்றீங்க!"

"படுத்தா முங்காது! புத்தகத்தில போட்டிருக்கு!" என்றார் சேற்றுக்குள்ளிருந்து. "மாலா, ஒதறாதம்மா. அங்கிள் முதுகுல கைய வை. அப்படியே படு. ஏறு. நா பலகைன்னு நெனச்சுக்க."

மாலா அவர் முதுகைப் பிடித்தாள். கொஞ்சம் கொஞ்சமாக வந்தாள். அவர் தோளில் முழங்காலை ஊன்றி, தலையில் கால் வைத்து, என் மடியில் வந்து விழுந்தாள். தலையில் கால் வைத்தபோது அண்ணனுடைய முகம் முழுதாகச் சேற்றுக்குள் போனது. பிறகு நாங்கள் எல்லாரும் சேர்ந்து கயிற்றை இழுத்து அவரை ஏற்றினோம். வெள்ளை என்று சொல்ல அவரிடம் மிஞ்சியது பல்லும் கண்ணும்தான். ஒரு காலணி இன்னும் பாகான் டத்தோவில் இருக்கிறது.

அவரைப் பார்த்து நான் சொன்னவற்றை இங்கே எழுத முடியாது. அரசாங்க ஊழியர் பேசக்கூடாத வார்த்தைகள். "உங்க புத்தகத்த கொண்டுபோய் அடுப்புல வைங்க!" என்றது மட்டும்தான் அச்சில் வரத் தகுந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அன்றைக்குப் பார்த்து மழை வரவில்லை. அவருடைய கோடைகளிலேயே முதல் முறையாக உண்மையான வெயில் அடித்தது. சின்னப் பிள்ளைகள் அழத் தொடங்கினார்கள். ஒருவன் எழுந்தான், அவனைப் பார்த்து இன்னொருத்தி. எவனாவது மறுபடி வெளியே கால் வைத்துவிட்டால்? நான் இரண்டு கையால் எத்தனை பேரைப் பிடிப்பது?

அப்போது அண்ணன், யாரையும் பார்க்காமல், மெதுவாக ஆரம்பித்தார். ஒரு தீவு. நாலு பிள்ளைகள். ஒரு பழைய கலங்கரை விளக்கம். அதன் உச்சியில் பூட்டிய ஒரு கதவு. அத்தை கூடையில் கறிபாப் வைத்து அனுப்புகிறாள்.

எழுந்தவன் உட்கார்ந்தான்.

நான் கேட்கவில்லை. மாலாவின் காலைத் துடைத்துக்கொண்டும், சேற்றைப் பார்த்துக்கொண்டும், இடையிடையே அழுதுகொண்டும் இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எப்போதோ ஒரு கட்டத்தில், படிக்கட்டில் யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. கதையில்தான். காலைத் துடைத்த கையை அப்படியே நிறுத்தினேன். பரீட்சைக்கு உரிய புத்தகம் தவிர வேறு எதையும் படிக்காமல் வளர்ந்தவள் நான். அந்த நாலு பிள்ளைகளின் அம்மா எங்கே போனாள் என்று கோபம் வந்தது. பிறகு அதையும் மறந்தேன். அண்ணனுடைய குரல் கரகரத்துப் போனபோது, கடைசி இளநீரை நானே வெட்டச் சொல்லி அவரிடம் நீட்டியிருக்கிறேன்.

"ஆங், தண்ணி வந்திருச்சு!" என்று தேங்காய் மச்சான் துடுப்பை எடுத்தான். படகு லேசாக ஆடியது. சுற்றிலும் கடல். கரையில் தென்னை மரங்கள் மாலை வெயிலில் சிவந்து நின்றன. பிள்ளைகள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கரைக்குப் போக வேண்டும் என்று மத்தியானம் முழுக்க எல்லாச் சாமியையும் கூப்பிட்டவள் நான்தான்.

"கொஞ்சம் இரு தம்பி," என்றேன். "அந்தக் கதவ தொறக்கட்டும்."

தேங்காய் மச்சான் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டான். அண்ணன் காய்ந்த சேறு வெடித்த முகத்தோடு என்னைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, எனக்காக, நான் கேட்காமல் விட்ட இடத்திலிருந்து மறுபடி சொல்லத் தொடங்கினார்.