ஊக்கு விற்காத ஊக்குவிப்பாளர்

இந்த உலகத்தில் வறுமை ஒழிந்ததற்கு எங்கள் அலுவலகம்தான் முதல் காரணம். ஒழிந்துவிட்ட செய்தி வறுமையின் காதுக்கு இன்னும் எட்டவில்லை என்பது வேறு விஷயம். 'மகளிர் தொழில் முனைவோர் கடன் மற்றும் பயிற்சி மையம்' என்று பெயர். பெயரில் கடன் முன்னால் நின்றாலும் நடைமுறையில் பயிற்சிதான் முதலில். காசு முதலில் கிடைத்துவிட்டால் பாடத்தில் கவனம் இருக்காது என்பது எங்கள் இயக்குநரின் கண்டுபிடிப்பு. நான் அங்கே துணை இயக்குநர். அவர் எது சொன்னாலும் துணையாகத் தலையாட்டுவது என் பொறுப்பு. அதில் இன்றுவரை குறை வைத்ததில்லை.

எங்கள் சாதனைகளில் தலையாயது ஜிப்பு அக்கா. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடிப்படிக்கு அடியில் தையல் மிஷினையும் முக்காலியையும் போட்டு, பிய்ந்த பைகளுக்கு ஜிப்பு மாற்றித் தருகிறவர். அவருக்குப் பள்ளிக்கூடம் ஒன்று புத்தகப் பை தைக்க ஆர்டர் தருவதாகச் சொல்லியிருந்தது. ஆனால் அவருடைய மிஷின் கெட்டித் துணியைக் கண்டாலே ஊசியை முறித்துக்கொள்ளும். அடுத்த தெருவில் தொழிலை விடப்போகிற செருப்புப் பட்டறைக்காரரிடம் கெட்டித் துணி தைக்கும் மிஷின் ஒன்று இருந்தது. மாதக் கடைசிவரை அதை வேறு யாருக்கும் விற்பதில்லை என்று அவர் அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அதற்குள் கடன் வேண்டும். விஷயம் இவ்வளவுதான். இந்தத் துளியூண்டு விஷயத்தை மாபெரும் திட்டமாக வளர்த்ததில்தான் எங்கள் கைவண்ணம் இருக்கிறது.

"முதல்ல 'தொழில் தொடங்குவது எப்படி'ன்னு ஒரு பயிற்சி இருக்குக்கா," என்றேன்.

"நான் தொழில் தொடங்கி பல வருஷம் ஆச்சே சார்."

இது விதிகளில் இல்லாத சிக்கல். இயக்குநரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணை மூடி ஆழ்ந்து யோசித்தார்.

"ஏற்கெனவே தொடங்கினவங்களைத் தொடக்கப் பயிற்சில எப்படிச் சேர்க்கிறது? ஒண்ணு பண்ணுங்க. அந்தம்மாவைக் கடையை மூடச் சொல்லுங்க. பயிற்சி முடிஞ்சதும் புதுசாத் தொடங்கட்டும்."

மூடினால்தான் கடன் என்றதும் அக்கா மூடினார். பயிற்சிக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். அந்த ஆர்வத்தைப் பார்த்து எனக்கே மெய்சிலிர்த்தது. மடியில் ஒரு காலி பிளாஸ்டிக் டப்பா இருந்தது.

"டப்பா எதுக்குக்கா?"

"ஊக்கு வாங்கத்தான் சார். வாசல்ல போர்டு வச்சிருக்கீங்களே. மொத்த விலைக்குக் கிடைச்சா கொஞ்சம் சேர்த்தே எடுத்துக்கலாம்னு வந்தேன்."

வெளியே போய்ப் பார்த்தேன். பலகையில் இடம் போதாமல் பெயிண்டர் எங்கள் சிறப்பு விருந்தினரை இரண்டாக உடைத்திருந்தார். மேல் வரியில் 'ஊக்கு'. கீழ் வரியில் 'விப்பாளர்'.

"அவர் ஊக்கு விக்கிறவர் இல்லக்கா. ஊக்கம் கொடுக்கிறவர்."

"இனாமாவா?"

"உங்களுக்கு இனாம்தான். அவருக்கு நாங்க கொடுக்கிறோம்."

எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். அக்கா டப்பாவை மெதுவாக மூடினார்.

"அதுக்கு அந்த மிஷினே ரெண்டு வாங்கலாமே சார்."

பொருளாதாரம் தெரியாதவர்கள் இப்படித்தான் பேசுவார்கள். அதற்காகத்தானே பயிற்சி?

ஊக்குவிப்பாளர் கன்னத்தில் ஒட்டிய மைக்கோடு மேடையில் துள்ளினார். பார்ப்பவர்களுக்கு மூச்சு வாங்கியது. எல்லோரையும் எழுந்து நின்று 'என்னால் முடியும்' என்று கத்தச் சொன்னார். அக்கா மட்டும் வாயைத் திறக்கவில்லை.

"ஏன்மா, நம்பிக்கை வரலையா?"

"என்னால முடியும்னு எனக்குத் தெரியும் தம்பி. என் மிஷினாலதான் முடியல."

அவர் இதையும் கைதட்டி வரவேற்றார். எதற்கும் கைதட்டுவது என்பது அவருடைய ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.

அடுத்து 'நிதி அறிவு' வகுப்பு. வங்கி மேலாளரே நேரில் வந்து பேசினார். பெண்கள் யார் தயவும் இல்லாமல் சொந்தக் காலில் நிற்பதற்காகவே வந்த திட்டம் இது என்றார். ஆகவே கணவர் கையெழுத்து ஒன்று மட்டும் போதும் என்றார்.

"அவர் என்னை விட்டுட்டுப் போயிட்டார் சார்," என்றார் அக்கா.

"எங்க போனார்?"

"தெரிஞ்சிருந்தா உங்களுக்கு முன்னாடி நான் பிடிச்சிருப்பேன்."

மேலாளர் முகம் சுளிக்கவில்லை. மனிதாபிமானி. 'கணவர் நிலுவையில் உள்ளார்' என்று குறித்துக்கொண்டார்.

கடைசி வகுப்பு 'உங்கள் கனவை வரையுங்கள்'. மற்றவர்கள் வீடு வரைந்தார்கள், கார் வரைந்தார்கள். ஒருவர் ஊக்குவிப்பாளரையே வரைந்தார். அக்கா அந்த மிஷினை வரைந்தார். சக்கரம், மிதி, நூல் போகிற வழி எதையும் விடவில்லை. அதைப் பார்த்ததும் இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதுதான் நம்ம நிறைவு விழாவோட சின்னம். இது எங்க இருக்குன்னு அந்தம்மாகிட்ட கேளுங்க."

கேட்டேன். அக்கா பட்டறைக்கு வழி சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்ததைப் பார்த்தேன். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

விழா மாதக் கடைசியில். அன்று காலை அக்கா நேராகப் பட்டறைக்குப் போயிருக்கிறார். மிஷின் இருந்த இடம் காலி.

"உன் ஆபீஸ்காரங்கதானே வந்து எடுத்துட்டுப் போனாங்க," என்றாராம் பட்டறைக்காரர். "ஜிப்பு அக்காவோட மிஷினைக் கொடுங்கன்னு கேட்டாங்க. உனக்காகத்தானேன்னு விலையைக்கூடக் குறைச்சேன்."

அக்கா அங்கிருந்து மண்டபத்துக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார். வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களை என்னென்னவோ நினைச்சுட்டேன் சார். மனசுல வச்சுக்காதீங்க."

நான் பதில் சொல்வதற்குள் மேடையைப் பார்த்துவிட்டார். ரிப்பன் கட்டிய மிஷின் நடுநாயகமாக நின்றது. சுற்றிலும் கயிறு கட்டி ஓர் அட்டை தொங்கவிட்டிருந்தோம்: 'பெண் சக்தியின் சின்னம். தொடாதீர்கள்.'

அக்கா இயக்குநரிடம் போனார்.

"ஐயா, கடன் வேண்டாம். இதையே கொடுத்துடுங்க. மாசாமாசம் கட்டிடறேன். பள்ளிக்கூடத்துல இன்னிக்குச் சாயங்காலம் பதில் சொல்லணும்."

"இது அலுவலகச் சொத்தும்மா. விக்கிறதுக்கு எனக்கு அதிகாரம் கிடையாது." இயக்குநர் குரலில் அத்தனை கனிவு. "ஆனா பார்க்கிறதுக்கு நீங்க எப்ப வேணும்னாலும் வரலாம். டிக்கெட் கிடையாது."

"வாங்கறதுக்கு மட்டும் காசு எங்கிருந்து வந்துச்சு?"

"அது காட்சிப்படுத்தல் நிதி. கடன் நிதி வேற. அது உங்க வீட்டுக்காரர் கிடைச்சதும் வரும்."

நல்லவேளை, அந்த நேரம் பார்த்து நன்றியுரைக்கு அக்காவை மேடைக்கு அழைத்தார்கள். அவர் மிஷின் பக்கம் திரும்பி நின்று மைக்கைப் பிடித்தார்.

"நான் கடன் கேட்டு வந்தேன். கடையை மூடச் சொன்னாங்க, மூடினேன். கத்தச் சொன்னாங்க. வரையச் சொன்னாங்க, வரைஞ்சேன். ஒண்ணு மட்டும் சொல்றேன். கடன் கொடுக்கலைன்னு இவங்க மேல யாரும் குறை சொல்லக்கூடாது. இவங்க செய்யறது எல்லாமே கடனேன்னுதான் செய்யறாங்க."

'கடன்' என்ற சொல் காதில் விழுந்ததுமே இயக்குநர் எழுந்து நின்று கைதட்டினார். ஊக்குவிப்பாளர் தட்டினார். மேலாளர் தட்டினார். மண்டபமே அதிர்ந்தது. அக்கா இறங்கிப் போய்விட்டார்.

பை ஆர்டர் வேறு யாருக்கோ போய்விட்டது. மாடிப்படிக்கு அடியில் இப்போது ஒருவர் செல்போன் உறை விற்கிறார். நாள் கணக்கில் காலியாகக் கிடந்த இடத்தை அவர் பிடித்துக்கொண்டார். அக்கா முக்காலியைத் தூக்கிக்கொண்டு வேறு படிக்கட்டு தேடுகிறார். எங்கள் கணக்கில் அவர் 'புதிதாகத் தொழில் தொடங்கும் பெண்மணி'.

ஆண்டறிக்கை எழுதும் வேலை என்னிடம் வந்தது.

"அந்தம்மா கடனைப் பத்தி நல்லா நாலு வார்த்தை சொன்னாங்களே, அதைக் கடைசி வரியாப் போடுங்க," என்றார் இயக்குநர்.

வழக்கம்போலத் தலையாட்டினேன். 'எங்கள் மையம் எல்லாப் பணிகளையும் கடனே என்று செய்துவருகிறது' என்று எழுதிக் கொடுத்தேன். இயக்குநர் இரண்டு தடவை படித்துப் பார்த்து, பெருமிதத்தோடு கையெழுத்துப் போட்டார். அந்த அறிக்கையில் பொய்யில்லாத வரி அது ஒன்றுதான்.