ஒயிலில் தண்ணீர்

என் லொறியில் வெங்காயம் ஏறும், கருவாடு ஏறும், உப்பு மூட்டை ஏறும். மாமி மட்டும் ஏறமாட்டா. பழைய டீசல் லொறியை வாங்கி எங்கள் ஊர் எத்தாளைக்குக் கொண்டுவந்த அன்றே இப்படியொரு சபதம் எடுத்தேன். மனதுக்குள்தான் எடுத்தேன். வாய்விட்டுச் சொல்லக்கூடிய சபதமா இது?

மாமி, அதாவது என் மனைவியின் உம்மா, எலுவன்குளத்தில் இருக்கிறா. பெருநாளுக்கு எங்களோடு வந்து நிற்கப்போகிறாவாம். பெருநாளுக்கு வருகிறவர்கள் ஒரு பையோடு வருவார்கள். மாமி அலுமாரி, தையல் மெஷின், இரண்டு ஆடு, ஒரு கோழிக்கூடு சகிதம் வரப்போவதாக என் மனைவி ஸபீனா சொன்னாள். அலுமாரியோடு வருகிற ஆள் திரும்பிப் போகிற ஆளில்லை. ஆனால் ஸபீனாவிடம் முடியாது என்று சொல்லிப் பிழைத்தவன் இந்தக் கற்பிட்டிப் பக்கத்திலேயே கிடையாது. அதனால் நான் சொல்லவில்லை. லொறியைச் சொல்லவைத்தேன்.

இந்த யோசனைக்கு விதை குறிஞ்சிப்பிட்டியில் விழுந்தது. லொறியைப் பார்க்கப் போனபோது ஸபீனாவையும் கூட்டிப்போயிருந்தேன். ஃபோனில் பார்த்த வீடியோக்களின் தயவால் அப்போது நான் முக்கால் மெக்கானிக். ஒயிலில் தண்ணீர் கலந்தால் பால்தேத்தண்ணி நிறம் வரும், ரேடியேட்டர் தண்ணீர் எஞ்சினுக்குள் இறங்கினால்தான் அப்படி ஆகும், அதோடு ஓட்டினால் எஞ்சின் செத்துப்போகும், சந்தேகமென்றால் ஒரு சொட்டைச் சூடான கல்லில் விட்டுப் பார்க்கலாம், தண்ணீர் இருந்தால் படபடவென்று பொரியும் என்றெல்லாம் விற்கிறவருக்கு முன்னாலேயே வகுப்பெடுத்தேன். ஸபீனா கொட்டாவி விட்டாள். அவள் காதில் எதுவும் விழவில்லை என்று நம்பினேன்.

நாளைக் காலை எலுவன்குளம் போவதாக ஏற்பாடு. இன்றைக்கு நோன்பு. அஸர் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தால் குசினியில் ஆளில்லை. ஸபீனா கொடியில் உடுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். நோன்புக் கஞ்சிக்குப் பிழிந்து, வாசத்துக்கு ரம்பை இலையும் போட்ட தேங்காய்ப் பால் கோப்பையில் இருந்தது. கொஞ்சமாக ஊற்றி எடுத்துக்கொண்டேன்.

என் லொறிக்கு எஞ்சின் முன் சீட்டுக்குக் கீழே. சீட்டைத் தூக்கி, பாலைக் கறுத்த ஒயிலோடு குழைத்து, ஒயில் மூடியின் உட்பக்கம் தடவினேன். ஒயில் அளவு பார்க்கிற கம்பியிலும் தாராளமாகப் பூசினேன். அசல் பால்தேத்தண்ணி. பார்க்க எனக்கே லொறி மேல் பரிதாபம் வந்தது. மய்யித்து விழுந்த வீட்டு அழுகை முகத்தை வைத்துக்கொண்டு ஸபீனாவைக் கூப்பிட்டேன்.

"புள்ள, ஒயில்ல தண்ணி கலந்திட்டு. இனி ஓட்ட ஏலாது. எஞ்சின் போயிரும்."

அவள் குனிந்து பார்த்தாள். சண்டைக்கு வருவாள் என்று பதில்களெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவள் சண்டைக்கு வரவில்லை. அங்கேதான் எனக்கு முதல் பயம் பிடித்தது.

"அப்ப இத வெச்சிரிக்கப் படாது," என்றாள் அமைதியாக. "இண்டைக்கே குடுத்திருவம். நானாவ வரச் செல்றன்."

நானா என்றால் ஜவ்பர், அவளுடைய அண்ணன். பழைய வாகனங்களை வாங்கிக் கழற்றிப் பாகம் பாகமாக விற்பது அவருடைய தொழில். என் லொறி வந்த நாளிலிருந்தே அதன் கியர்பெட்டி மேல் அவருக்கு ஒரு கண். எனக்கு நாக்கு வறண்டது. நோன்பினால் மட்டுமல்ல. சின்னக் கோளாறாக இருக்கும், பெருநாள் கழிந்தால் தானாகவே சரிவரும் என்று சொல்லிப் பார்த்தேன். செத்துப்போகும் என்று குறிஞ்சிப்பிட்டியில் சொன்னது யார் என்று கேட்டுக்கொண்டே ஃபோனை எடுத்தாள்.

ஜவ்பர் தோளில் தடித்த கயிற்றோடு வந்து இறங்கினார். கட்டி இழுத்துப் போகத்தான். வேறெதற்கு? லொறியைச் சுற்றி வந்தார். குர்பானுக்கு வாங்கப்போகிற ஆட்டைத் தட்டிப் பார்க்கிற மாதிரி அங்கேயும் இங்கேயும் தட்டினார். ஒவ்வொரு தட்டும் என் நெஞ்சில் விழுந்தது. அந்த நேரம் பார்த்து, நான் கை துடைத்துப் போட்ட துணியை வீட்டுப் பூனை ரசித்து நக்கிக்கொண்டிருந்தது. பூனைக்கு ஏது நோன்பு? காலால் தள்ளிவிட்டேன். ஸபீனா பார்த்துவிட்டாள். நேரே குசினிக்குப் போனாள்.

வரும்போது துணியால் பிடித்தபடி சூடான ரொட்டிக் கல்லைக் கொண்டுவந்தாள். கொடுப்பதற்கு முன்னால் நான் படிப்பித்தபடி சோதித்துப் பார்க்க வேண்டுமாம். மூடியிலிருந்து ஒரு சொட்டை வழித்துக் கல்லில் விட்டாள். படபடவென்று பொரிந்தது.

"தண்ணிதான் மச்சான்," என்றார் ஜவ்பர். "நான் கொண்டுபோறன்."

பொய் ஜெயித்துவிட்டது. லொறி போகப்போகிறது. அழுகை வந்துவிடும் போலிருந்தது. அப்போதுதான் மணம் எழும்பியது. ஒயில் கருகுகிற நாற்றத்துக்குள்ளிருந்து ரம்பை போட்ட தேங்காய்ப் பால் மணம். நோன்பு திறக்கிற மஃரிபுக்குச் சற்று முந்தி நோன்பாளியின் மூக்குக்குத் தப்பி ஒரு சாப்பாடும் போக முடியாது. மூன்று மூக்குகளும் ஒன்றாக நிமிர்ந்தன. என் வயிறு வெட்கமில்லாமல் சத்தம் போட்டது.

ஸபீனா ஒயில் கம்பியை உருவி, சுத்தமாகத் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்தாள். பாலுமில்லை, தேத்தண்ணியுமில்லை, நல்ல கறுத்த ஒயில். அதிலிருந்து ஒரு சொட்டைக் கல்லில் விட்டாள். பொரியவில்லை. சும்மா பரவிப் புகைந்தது. அந்தச் சத்தமில்லாமைதான் என்னைக் கொன்றது.

"தண்ணி கலந்தா உள்ளுக்கும் கலந்திரிக்கணும். நோன்போட கேக்குறன். என்னத்தப் பூசினீங்க?"

வேறு நாளென்றால் இன்னொரு பொய் கைவசம் இருந்திருக்கும். நோன்பைச் சொல்லிக் கேட்ட பிறகு முடியாது. வாயைத் திறக்காவிட்டால் ஜவ்பர் கயிற்றைக் கட்டுவார். திறந்தால் அலுமாரி வரும், பின்னால் மாமி வருவா. லொறியைப் பார்த்தேன். அதை விட்டுக்கொடுக்க என்னால் முடியாது.

"தேங்காப் பால்," என்றேன்.

ஜவ்பர் சிரிக்கக்கூட இல்லை. கயிற்றைத் தோளிலிருந்து இறக்கி லொறியின் பின்பக்கம் எறிந்தார். அலுமாரியைப் படுக்க வைப்பதா, நிமிர்த்திக் கட்டுவதா என்று தங்கையிடம் கேட்டார். அலுமாரி கட்டக் கயிறு கொண்டுவரும்படி அவள் நேற்றே சொல்லியிருந்தாளாம். காலையில் அவரும் எங்களோடு வருகிறாராம். லொறி வாங்குகிற எண்ணம் அவருக்கு இருக்கவே இல்லை.

பள்ளியில் பாங்கு சொன்னார்கள். ஈச்சம்பழத்தைக் கடித்துவிட்டுக் கஞ்சிக் கோப்பையை எடுத்தேன். ஜவ்பருடைய கோப்பையில் கஞ்சி வெள்ளையாக, கொழுகொழுவென்று இருந்தது. என்னுடையதில் கோப்பையின் அடி தெரிந்தது. ஸபீனாவைப் பார்த்தேன்.

"உங்கட பங்குப் பால லொறி குடிச்சிட்டு," என்றாள்.