டீசல் இல்லாமல் ஓடிய இஞ்சின்

நான் ஒரு இஞ்சினைக் கொன்றிருக்கிறேன். வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் எனக்குச் சோறு போடுவதே இஞ்சின்தான். பெங்களூரில் ஹெலிகாப்டர் இஞ்சின் வடிவமைக்கும் குழுவில் வேலை. அதே தூரத்தைக் குறைந்த எரிபொருளில் பறக்க வைக்க வேண்டும். (ஏழு பேர் இரண்டு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு மிச்சம் பிடித்ததை ஒரு சொம்பில் அடக்கிவிடலாம். கல்யாணப் பேச்சில் இதையெல்லாம் சொல்வதில்லை.)

தலை ஆடிக்கு மாமனார் வீட்டுக்குப் போயிருந்தேன். மயிலாடுதுறைக்குக் கிழக்கே, கடைமடை. ஆற்றில் தண்ணீர் விட்டும் அவர் வாய்க்காலுக்கு வந்து சேரவில்லை. நட்டுப் பத்து நாளான குறுவை, கொட்டகையிலிருந்த பழைய டீசல் இஞ்சின் இறைத்த தண்ணீரில்தான் உயிரோடு இருந்தது.

விருந்து முடிந்து வெற்றிலை போடும்போது மாமா ஆரம்பித்தார். "ஹெலிகாப்டருக்கே மிச்சம் பண்றீங்க மாப்ள. நம்ம இஞ்சின் டீசலைக் குடிச்சுத் தள்ளுது. ஒரு பார்வை பாருங்களேன்."

"பயிர் காயிற நேரத்துல அதுல ஏன் கைய வைக்கணும்?" என்றார் மாமியார். நான் அதற்குள் பட்டுவேட்டியை மடித்துக் கட்டிவிட்டேன். மூன்று பேருமாகக் கொட்டகைக்குப் போனோம்.

இஞ்சின் மேல் காற்றை வடிகட்டும் டப்பா ஒன்று உண்டு. அதன் அடியில் கொஞ்சம் ஆயில் நிற்கும், தூசி அதில் ஒட்டிக்கொள்ளும். காற்று சுத்தமாக இருந்தால் எரிபொருள் நன்றாக எரியும் என்று ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றிவிட்டு, டப்பாவைத் துடைத்து, புது ஆயிலை விளிம்பு வரை ஊற்றினேன்.

"கோடு வரைக்கும்தான் ஊத்துவோம் மாப்ள," என்றார் மாமியார்.

"அது சும்மா போட்ட கோடு அத்தை. தூசி ஜாஸ்தியா இருக்கு, ஆயிலும் ஜாஸ்தியா இருக்கட்டும்."

மாமா இஞ்சினை ஸ்டார்ட் செய்தார். முதல் ஒரு நிமிடம் அருமையாக ஓடியது. பிறகு அதன் சத்தம் ஏறிக்கொண்டே போனது. கொட்டகை அதிர்ந்தது, வெள்ளைப் புகை கிளம்பியது. பதறிப்போய் டீசல் குழாயைப் பிடுங்கினேன். குழாய் என் கையில் இருக்கிறது, டீசல் என் வேட்டியில் வடிகிறது, இஞ்சின் முன்னைவிட வேகமாக ஓடுகிறது! நான் கோட்டைத் தாண்டி ஊற்றிய ஆயிலைக் காற்றோடு உறிஞ்சி எரித்துக்கொண்டிருந்தது அது.

ஓடினோம். முதலில் ஓடியது நான், அதுவும் நட்ட பயிரை மிதித்துக்கொண்டு. எனக்குப் பின்னால் மாமா. திரும்பிப் பார்த்தால், மாமியார் ஒரு சாக்கைத் தொட்டியில் முக்கி எடுத்து, டப்பாவில் காற்று போகும் வாயை அழுத்தி மூடிக்கொண்டிருந்தார். இஞ்சின் இரண்டு முறை விக்கிவிட்டு நின்றது. அதன்பின் அது ஓடவே இல்லை, பிஸ்டன் இறுகிவிட்டது.

"உங்களுக்கு எப்படித் தெரியும் அத்தை?" என்றேன்.

"உங்க மாமா ஒருதரம் இதே வேலையப் பாத்தாரு. அதுலேர்ந்து சாக்கு இங்கயேதான் கெடக்கு."

மாமா வானத்தைப் பார்த்தார்.

பயிர் இரண்டு நாள் கூடத் தாங்காது. வரப்புத் தகராறில் மூன்று வருடமாகப் பேச்சில்லாத பங்காளியிடம் போய் மாமா இஞ்சின் கேட்டார். தலை குனிந்து அவர் நடந்துபோனதைப் பார்த்தபோது எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. பங்காளி உடனே கொடுத்தார், ஒரே ஒரு நிபந்தனையோடு: "மாப்ள இஞ்சின் பக்கமே வரக்கூடாது."

பயிர் பிழைத்தது. வரப்புத் தகராறும் அத்தோடு முடிந்தது. இப்போது அந்தப் பங்காளிதான் ஊருக்கெல்லாம் என்னை, "டீசலே இல்லாம இஞ்சின் ஓட்டினவரு," என்று அறிமுகப்படுத்துகிறார்.

மாமியாரோ, வயலுக்கு மேல் ஹெலிகாப்டர் போனால், கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார்.

"பாவம், யாரு இருக்காங்களோ. மாப்ள, உள்ள ஈரச்சாக்கு வச்சிருப்பாங்கல்ல?"